பொண்ணு மணி

அத்தியாயம் 9

“நீங்க சொன்ன ஒரு வார்த்தை, டீச்சர். அந்த ஒரு வார்த்தையாலதான் என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார்.”

மேஸ்திரியின் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டிக்கொடுத்து, பார்க்கலாம் என்று அனுப்பி வைத்திருக்கலாம். அந்த அம்மாளோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டாள்.

டீச்சர் என்பது பழைய வேலையின் மிச்சம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள், காணாமல் போன வெள்ளிக் கோப்பையை யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கப் போனாள். கண்டுபிடித்தும் விட்டாள். எடுத்தவர் ஹெட்மாஸ்டர். கோப்பை திரும்பி வந்தது, அவள் வேலை போய்விட்டது. அன்றிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறையில் துப்பறிவதுதான் பிழைப்பு.

“நான் பொய் சொல்லலையேம்மா. பார்த்ததைத்தான் சொன்னேன்” என்றாள் டீச்சர்.

“பொய் சொன்னீங்கன்னு நானும் சொல்லல. பார்த்தீங்களான்னுதான் கேக்கறேன்.”

அதற்கு மேல் அவள் உட்காரவில்லை. எழுந்து, படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்த ரைட்டு தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன். இப்போது டீச்சருக்கு டிரைவர், உதவியாளர், தேவையோ இல்லையோ பேசிக்கொண்டே இருக்கிற ஆள்.

“டீச்சர், இந்தம்மா போலீஸ்ல சேர்ந்திருந்தா நமக்கெல்லாம் பிழைப்பே கிடையாது” என்றான்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவள் பார்வை மேஜை மேலிருந்த உலக உருண்டையில் இருந்தது. அதைச் செய்து கொடுத்தவர்தான் இப்போது உயிரோடு இல்லை.

உருண்டைக்காரர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு உலக உருண்டை செய்கிற பட்டறை வைத்திருந்தார். பட்டறை கீழே, வீடு மாடியில். சென்ற வாரம் ஒரு நாள் இரவு, அந்த மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். உயிர் போனது பிற்பகலில் என்று டாக்டர் சொன்னார். மூக்குக் கண்ணாடி மேல்படியில் மிதிபட்டு நொறுங்கியிருந்தது. ஆகவே, பெரியவர் தானாகத் தடுக்கி விழவில்லை, மேலே இன்னொருவர் நின்றிருக்கிறார். போனவர் வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டும் போயிருக்கிறார்.

அந்தப் பூட்டுக்குச் சாவி மூன்று பேரிடம் மட்டும்தான். ஒன்று பெரியவரிடம். இன்னொன்று அவரிடம் ஆரம்பம் முதல் வேலை பார்க்கும் மேஸ்திரியிடம். மூன்றாவது, ஆசியாவின் கிழக்குக் கோடியில் வேறொரு நகரத்தில் குடியிருக்கும் அவருடைய ஒரே மகளிடம்.

மகள் அந்த நேரத்தில் வானத்தில் இருந்தாள். மாலை விமானத்தில் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டி வந்தது டீச்சர். காரை ஓட்டியது ரைட்டு. கதவைத் திறந்து உள்ளே போய் அந்தக் கோலத்தைப் பார்த்தது மூன்று பேரும். “அவ ஃப்ளைட்ல இருந்தா, நான்தான் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்” என்று டீச்சர் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். டீச்சர் சொன்னால் அது கல்வெட்டு. மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று, மேஸ்திரி. அந்தக் கணக்குக்கு டீச்சரே போதும், துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மகளுக்கு வீட்டில் செல்லப் பெயர் பம்பரம். சின்ன வயதில் பட்டறை உருண்டைகளையெல்லாம் சுற்றிவிட்டுக்கொண்டு திரிந்ததால் அப்பா வைத்த பெயர். டீச்சரும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். டீச்சரின் அப்பா வீட்டை விட்டுப் போன வருஷத்தில், டீச்சருக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கிக் கொடுத்தவர் உருண்டைக்காரர். அவரை அவளும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

“டீச்சர், ஒரு சந்தேகம். கேட்டா திட்டக் கூடாது” என்றான் ரைட்டு.

“திட்டுவேன். கேளு.”

“இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம்?”

டீச்சர் இழுப்பறையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். உருண்டை மேல் அந்த நகரத்தில் ஒரு நுனியை அழுத்திப் பிடித்து, நூலை இழுத்து இந்த நகரம் வரை கொண்டு வந்தாள். இப்படி அளக்கக் கற்றுக் கொடுத்ததும் பெரியவர்தான். உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே குறுக்கு வழியைக் காட்டும் என்பார்.

“ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஃப்ளைட்ல ஆறரை மணி நேரம்.”

“அடேங்கப்பா. பஸ்ஸா இருந்தா நாலு நாள், ரெண்டு பஞ்சர், சீட்டுக்காக ஒரு அடிதடி.” ரைட்டு கட்டையை விட்டு இறங்கி வந்தான். “அந்த ஊர் மணி நம்மளை விட முன்னாடிதானே?”

“மூணரை மணி நேரம் முன்னாடி. அங்க நாலுன்னா இங்க பன்னிரண்டரை. அவ வந்த ஃப்ளைட் அங்க நாலு மணிக்குக் கிளம்பும், இங்க ஏழு மணிக்கு வந்து இறங்கும்.”

“அப்படின்னா மூணு மணி நேரம்தானே ஆச்சு?”

“கடிகாரத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியும். ஒக்காந்து வர்றவனுக்கு ஆறரை.”

“மிச்ச மூணரை மணி நேரத்தை யாரு முழுங்குறா? இந்த மாதிரி மோசடியை நான் டிக்கெட்ல பண்ணியிருந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.” அவன் மேஜை விளக்கைப் போட்டு, உருண்டைக்குப் பக்கத்தில் நகர்த்தினான். “இது சூரியன். நம்ம ஊர் இங்க. அவங்க ஊர் அங்க. இப்ப ஃப்ளைட் வருது...” ஒரு கட்டைவிரலை விமானமாக்கி ஊர்ந்தான். மறு கையால் உருண்டையை மெல்லச் சுற்றினான். “டீச்சர், இது என்ன கூத்து? நான் நம்ம ஊர்ப் பக்கமா வர வர, விரல் வெளிச்சத்துலயே இருக்கு. இருட்டு பின்னாலயே துரத்திக்கிட்டு வருது, பிடிக்க முடியல.”

“சூரியன் மேற்கால போகுது. ஃப்ளைட்டும் மேற்காலதான் வருது. ரெண்டும் ஒரே பக்கம் ஓடினா பகல் நீண்டுக்கிட்டே...”

டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டாள்.

உருண்டைக்காரருக்கு ஒரு பேச்சு உண்டு. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். “என் பொண்ணு கிளம்பினா பொழுது சட்டுனு சாஞ்சுடும், வந்தா பொழுது நீளும்” என்பார். பாசத்தில் சொல்கிறார் என்று ஊரே நினைத்தது. டீச்சரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பாசம்தான். ஆனால் பெரியவர் பூகோளமும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

“ரைட்டு, அன்னிக்கு வண்டியில பம்பரம் என்ன சொன்னா? ஃப்ளைட் எப்படி இருந்துச்சுன்னு நீ கேட்டியே.”

ரைட்டுவுக்குக் கண்டக்டர் ஞாபகம். யார் எங்கே ஏறினார், என்ன சொன்னார் என்பது மறக்காது. “ஏறி ஒக்காந்து ஒரு தூக்கம்கூடப் போடல, பொசுக்குனு இருட்டிடுச்சு. வழி முழுக்க இருட்டு, வெளிய பார்க்க ஒண்ணுமே இல்லன்னாங்க.”

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“நாலு மணிக்கு மேற்கால கிளம்பற ஃப்ளைட்ல பொசுக்குனு இருட்டாது” என்றாள் டீச்சர். “முக்கால் வழி வெயில் முகத்துல அடிக்கும். ஜன்னல் மறைப்பை இறக்கி விடுங்கன்னு சண்டை போடுவாங்க. பொசுக்குனு இருட்டறது இங்கேருந்து அங்க போறப்பதான். எதிர்ல இருட்டு வருது, இவங்க போய் அதுல முட்டிக்கறாங்க. அவ ஒவ்வொரு தடவையும் இங்கேருந்து சாயங்காலம் கிளம்பித்தான் போவா. போறப்போ பார்த்த இருட்டை, வந்தப்போ பார்த்ததா சொல்லிட்டா.”

“அசதியில மாத்திச் சொல்லியிருக்கலாம், டீச்சர்.”

“சொல்லியிருக்கலாம்.” அவளுக்கும் அப்படியே இருந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

“காலையிலயும் ஒரு ஃப்ளைட் இருக்கா?”

“இருக்கு. மதியத்துக்கு முன்னாடியே இங்க வந்துடும்.”

“ஆனா நாமதான் ஏர்போர்ட் வாசல்ல நின்னோமே. நான் வண்டிய நிறுத்தப் போயிட்டேன், நீங்க நேர்ல பார்த்தீங்கதானே? அந்தக் கண்ணாடிக் கதவு வழியா வெளிய வந்ததை?”

பார்த்தீங்களான்னுதான் கேக்கறேன் என்றாளே மேஸ்திரியின் மனைவி. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அன்று அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தள்ளுவண்டியாக வந்தது. இவள் இல்லை, இவளும் இல்லை என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் கண்களைப் பொத்தின. “யாருன்னு சொல்லு பார்ப்போம்!” கல்லூரி நாட்களில் பம்பரம் செய்கிற அதே குறும்பு. இவளும் சிரித்துக்கொண்டே திரும்பிக் கட்டிப்பிடித்தாள்.

“இல்ல” என்றாள் டீச்சர். “நான் பார்க்கல. அவ என் கண்ணைப் பொத்திட்டா.”

ரைட்டு வாயைத் திறந்தான். அவன் வாய்க்கு அது அல்வா மாதிரி ஒரு வாக்கியம். ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டபோது அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். “விமானக் கம்பெனியைக் கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடுமே டீச்சர், அவங்க எந்த ஃப்ளைட்ல வந்தாங்கன்னு.”

“இத்தனை நாளா ஏன் கேக்கல?”

“நீங்க சொன்னீங்களே” என்றார் அவர். கேலி செய்யவில்லை. உண்மையாகவே அதுதான் காரணம்.

போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. டீச்சர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் பம்பரம் அவளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். உறவுக்காரர்கள் இருந்தார்கள், வாடகைக் கார் இருந்தது. டீச்சர்தான் வர வேண்டும் என்றாள் பம்பரம். “உன் முகத்தைத்தான் முதல்ல பார்க்கணும்டி” என்றாள். அதைக் கேட்டு அன்று முழுக்க டீச்சர் பூரித்துப்போயிருந்தாள்.

“போலாமா?” என்றாள்.

“போலீஸோட போகலாமே, டீச்சர்.”

“அவ ஏதாவது சொல்லிடுவா, ரைட்டு. சரியான காரணம் ஏதாவது வெச்சிருப்பா. நான் போய்க் கேக்கறேன். எனக்கு அது வேணும்.”

பட்டறையில் கோந்து வாசனை அப்படியே இருந்தது. மாடிக்குப் போகிற படியை மூவருமே, பம்பரம், டீச்சர், ரைட்டு, நிமிர்ந்து பார்க்காமல் கீழ் அறையிலேயே உட்கார்ந்தார்கள். நிறம் பூசாத வெள்ளை உருண்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் கீழே பெரியவரின் கையெழுத்தில் ‘நம்ம மணி’ என்றும், இன்னொன்றின் கீழே ‘பொண்ணு மணி’ என்றும் ஒட்டியிருந்தது. நம்ம மணி பன்னிரண்டைத் தொடும்போது பொண்ணு மணி மூன்றரையைத் தொடும். மகள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று பார்ப்பதற்காகவே அதை மாட்டியிருந்தார்.

பம்பரம் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அந்தத் துக்கம் நடிப்பாக டீச்சருக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை மேலும் குழப்பியது.

“வாடி. நீயாவது வந்தியே” என்று கையைப் பிடித்துக்கொண்டாள் பம்பரம். “அந்த மேஸ்திரிக்கு எப்போ தண்டனை கொடுப்பாங்களாம்? வீட்டுல ஒருத்தனா வெச்சிருந்தார் அப்பா. அவனுக்கு எப்படிடி மனசு வந்துச்சு?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன்” என்றாள் டீச்சர். “மனசு எப்படி வந்துச்சுன்னு.”

பம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போல இடது கையை நீட்டினாள். கையில் பழைய வட்டக் கடிகாரம். பள்ளிப் படிப்பு முடிந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது.

“இதைப் பாரு. இன்னும் அந்த ஊர் மணியிலேயே ஓடிக்கிட்டிருக்கு.”

ரைட்டு எட்டிப் பார்த்தான். சுவரிலிருந்த பொண்ணு மணியும் அவள் கைக் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின.

“உனக்குத்தான் தெரியுமே” என்று அவள் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். “நான் எப்ப வந்தாலும் ஃப்ளைட்ல வாட்சைத் திருப்ப மாட்டேன். வீட்டுக்குள்ள வந்து கையை நீட்டினா அப்பாதான் திருப்பி வைப்பார். மூணரை மணி நேரத்தைப் பின்னால தள்ளிட்டு, இப்பதான் என் பொண்ணு வந்தான்னு சொல்வார். இந்தத் தடவை திருப்ப அவர் இல்ல. நானா திருப்பவும் மனசு வரல. ஃப்ளைட் ஏறினதுல இருந்து இதைத் தொடவே இல்லடி நான்.”

அந்தக் காட்சியை டீச்சர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் அந்தச் சின்னத் திருகை இழுத்துத் திருப்புவார். தனக்கு அப்படித் திருப்பி வைக்க ஒரு அப்பா இல்லையே என்று பொறாமைப்பட்டும் இருக்கிறாள்.

பின்னால் நின்றிருந்த ரைட்டு பேசினான். குரலில் விளையாட்டே இல்லை. “அக்கா, அன்னிக்குக் கட்டியிருந்ததும் இதே வாட்ச்தானா?”

“என்கிட்ட வேற வாட்ச் ஏதுப்பா?”

“இல்ல, என் வண்டிக் கடிகாரம் ஒண்ணு இருக்குல்ல. அன்னிக்குக் காலையிலதான் பேட்டரி மாத்தினேன். பன்னிரண்டுல நின்னு முழிச்சுக்கிட்டிருந்துச்சு. என் போனும் செத்துக் கிடந்துச்சு. பின் சீட்டுல ஒக்காந்திருந்த உங்களை, அக்கா, மணி என்னன்னு கேட்டேன். நீங்க கையை முன்னால நீட்டி, இந்தா, நீயே பார்த்து வெச்சுக்கன்னீங்க. நான் இந்த வாட்சைப் பார்த்துத்தான் வெச்சேன்.”

“சரி, அதுக்கென்ன?”

“அது சரியா ஓடிக்கிட்டிருக்கு, அக்கா. நம்ம மணியில.”

பம்பரம் ரைட்டுவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். தன் கையை மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அப்படியா? அப்போ... ஃப்ளைட்லயே நான் திருப்பியிருப்பேன். ஞாபகம் இல்ல.”

“இப்பதானே சொன்ன, தொடவே இல்லன்னு” என்றாள் டீச்சர். “வீட்டுக்கு வர்ற வழியிலேயே உன் வாட்ச் நம்ம மணிக்குத் திரும்பியிருந்துச்சு. யார் திருப்பினாங்கன்னு நான் கேக்கல, பம்பரம். அதைத் திருப்பறது யாருன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ அவர்கிட்ட கையை நீட்டியிருக்க. அவரும் திருப்பி வெச்சிருக்கார். அப்புறம் நீயா அதை மறுபடி அந்த ஊர் மணிக்கு மாத்தியிருக்க.”

“என்னடி பேசறே? என்னையே சந்தேகப்படறியா? நீயா?”

அந்த ‘நீயா’வில் நிஜமான வேதனை இருந்தது. துரோகம் செய்தவள் துரோகம் செய்யப்பட்டவளைப் போல் பார்த்தாள். டீச்சர் ஒரு கணம் ஆடிப்போனாள். பழைய பழக்கத்தில் மன்னிப்புக் கேட்க உதடுகூடப் பிரிந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

“காலை ஃப்ளைட், டீச்சர். சாயங்கால ஃப்ளைட்ல அவங்க வரவே இல்ல. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.” கொஞ்சம் தயங்கி, “இதை நான் கேட்டிருக்கணும்” என்றார்.

“இல்ல. நான் கேட்டிருக்கணும்” என்று டீச்சர் போனை அணைத்தாள்.

டீச்சர் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறையின் அமைதியில் போனில் பேசியது எல்லோருக்கும் கேட்டிருந்தது. பம்பரம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“பட்டறையை மேஸ்திரிக்கே கொடுக்கப் போறேன்னார்டி” என்றாள் கடைசியில். “போன்ல சொன்னார். உனக்கு அங்க வாழ்க்கை இருக்கு, அவன்தான் இங்க என் கூடவே இருந்தான்னார். நான் இல்லையா? எனக்கு ஒரு கடிகாரத்தை மாட்டி வெச்சுட்டா போதுமா? அவன் யாரு? சுவத்துல எனக்குக் கடிகாரம், பக்கத்துல நாற்காலி அவனுக்கா?”

“அதுக்காக?”

“பேசத்தான்டி வந்தேன். சத்தியமாப் பேசத்தான் வந்தேன். வந்ததும் கையைப் பிடிச்சு வாட்சைத் திருப்பினார், சிரிச்சார். மாடியில ஒக்காந்து ரொம்ப நேரம் கெஞ்சினேன். அவர் கேக்கல. எழுந்து கீழ போகப் பார்த்தார், நான் தடுத்தேன். கையை உதறினார். நானும் உதறினேன். அவ்வளவுதான். விழுந்துட்டார். நான் தள்ளணும்னு தள்ளல. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கே ஓடிட்டேன். அங்கதானே நீ வருவ? உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?”

அவள் அழுதாள். தோள் குலுங்க அழுதாள். டீச்சரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். டீச்சரும் விடுவித்துக்கொள்ளவில்லை. நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் வாக்குவாதம், ஒரு உதறல், ஒரு விபத்து, அதன் பிறகு ஒரு பயம். ரைட்டுகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இன்னும் ஒரு நிமிஷம் போனால் டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்திருப்பாள்.

ஆனால் அவள் மனதில் அந்தக் குரல் இன்னும் கேட்டது. உன் முகத்தைத்தான் முதல்ல பார்க்கணும்டி.

“பேசத்தான் வந்தியா?”

“சத்தியமா.”

“அப்போ சாயங்கால ஃப்ளைட்ல வரேன், ஏர்போர்ட்டுக்கு வான்னு என்கிட்ட எப்ப சொன்ன?”

பம்பரத்தின் அழுகை நின்றது.

“முந்தின நாள் சொன்ன” என்றாள் டீச்சர். “காலை ஃப்ளைட்டுக்கு டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, நீ அங்கேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே சொன்ன. அப்ப சண்டையும் வரல, யாரும் விழவும் இல்ல. அப்பா நல்லா இருந்தார். பேச வர்றவளுக்கு எதுக்குடி சாட்சி?”

டீச்சர் காத்திருந்தாள். ஏதாவது ஒரு பதில், அரைகுறையாகவாவது ஒரு பதில் வரும் என்று, கொஞ்சம் வெட்கமில்லாமலேயே காத்திருந்தாள். பம்பரம் அவள் கையை விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அவளை அழைத்துக்கொண்டு போகும்போது பம்பரம் ஒரே ஒரு தடவை திரும்பினாள். “நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றாள். அதில் கோபம்கூட இல்லை. கணக்கில் பிழை வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். அதுவரை அழாமல் நின்ற டீச்சர், அதற்குத்தான் அழுதாள். வெள்ளை உருண்டைகளுக்கு நடுவே, பெரியவரின் வேலை மேஜையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். ரைட்டு வெளியே போய் நின்றுகொண்டான். எப்போது பேசக் கூடாது என்பது அவனுக்கும் சில சமயம் தெரியும்.

வண்டியில் ஏறிய பிறகும் அவள் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க, டீச்சர்? ஆபீஸுக்கா?”

“ஸ்டேஷனுக்கு. நான் கொடுத்த சாட்சியைத் திரும்ப வாங்கணும். அப்புறம் மேஸ்திரி வீட்டுக்கு. அந்தம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல.”

“என்ன சொல்வீங்க?”

“பார்க்கலைன்னு.”

ரைட்டு வண்டியைக் கிளப்பினான். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. சிக்னலில் நின்றபோது அவன் டாஷ்போர்டைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், மறுபடி டாஷ்போர்டைப் பார்த்தான்.

“இந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு டீச்சர். அவங்க கையைப் பார்த்து வெச்சது. ஒயரைப் பிடுங்கி விட்டுடவா? பழையபடி பன்னிரண்டுலயே நிக்கட்டும்.”

டீச்சர் அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் சரியாக நகர்ந்துகொண்டிருந்தது.

“வேணாம், ஓடட்டும்” என்றாள். “அது அப்பா திருப்பி வெச்ச மணி.”